ஒரே ஒரு வோட்டு!

அமெரிக்காவில் துப்பாக்கிக்குச் சட்டம் என்று ஏதாவது உண்டா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? உண்டு. மத்திய சர்க்காரின் சட்டம் போக, 50 ராஜ்யங்களுக்கும் 50 சட்டசபைகள், 50 விதமான சட்டங்கள். தென்கிழக்குக் கோடியிலுள்ள ப்ளோரிடாவில் 2018 வரை இருந்த விசித்திரத்தைக் கேளுங்கள். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு புட்டி பீர் வாங்குவதற்கும் 21 ஆக வேண்டும். ஆனால் பட்டாளத்துக்காரர் கையிலிருப்பதைப் போன்ற நீளத் துப்பாக்கிக்கு 18 போதும்!

அந்த வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி, பார்க்லண்ட் என்ற ஊரிலுள்ள மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் ஹைஸ்கூலுக்குள், அங்கே முன்பு படித்த 19 வயதுப் பையன் ஒருவன் அப்படிப்பட்ட துப்பாக்கியுடன் நுழைந்தான். 14 மாணவ மாணவிகளும் 3 பள்ளி ஊழியர்களும் மாண்டார்கள். துப்பாக்கியை அவன் திருடவில்லை. 18 வயதில் சட்டப்படி கடையில் வாங்கியிருந்தான்.

ஆறாம் நாள், அந்தப் பள்ளியின் குழந்தைகள் சுமார் நூறு பேர் பஸ் ஏறினார்கள். தலைநகரான டாலஹாஸி 400 மைலுக்கு அப்பால் இருக்கிறது. பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்து கூடவே பயணம் செய்தவர் லாரன் புக் என்ற மேல்சபை அங்கத்தினர். அவரும் ஒரு தாய். இவர்கள் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே கீழ்ச்சபையில் ஒரு பிரேரணை வந்தது. இவ்வகைத் துப்பாக்கிகளை அடியோடு தடை செய்யும் மசோதாவை விவாதத்துக்கு எடுக்கலாமா என்பதுதான் கேள்வி. 36 பேர் ஆம் என்றார்கள். 71 பேர் இல்லை என்றார்கள். விவாதிக்கவே மறுப்பு! குழந்தைகள் ஊர் போய்ச் சேருவதற்குள் பதில் கிடைத்துவிட்டது.

இதில் ஆச்சரியமில்லை. அந்தச் சட்டசபையில் துப்பாக்கிக்காரர் சங்கத்தின் குரலாகப் பல்லாண்டு விளங்கியவர் மேரியன் ஹாமர் என்ற அம்மையார். ஐந்தடி உயரம்கூட இல்லாத பாட்டி! அந்தத் தேசிய சங்கத்துக்கு முதல் பெண் தலைவராக இருந்தவர். அவர் நினைத்தால் மசோதா நகரும். முகம் சுளித்தால் கமிட்டியிலேயே தூங்கிவிடும் என்பது அங்கே பிரசித்தம். துப்பாக்கியை எதிர்ப்பது பெண்கள், ஆதரிப்பது ஆண்கள் என்று நாம் சுலபமாகக் கணக்குப் போட்டுவிட முடியாது.

பள்ளிக்குப் பெயர் தந்த மார்ஜரி அம்மையாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்திரிகைக்காரர், 108 வயது வரை வாழ்ந்தவர். 1910-களில் பெண்களுக்கு வோட்டுரிமை கேட்டு, வேறு சில பெண்மணிகளுடன் இதே டாலஹாஸிக்குப் போய்ச் சட்டசபைக்காரர்கள் முன் பேசினார். அவர்கள் செவி சாய்க்கவில்லை. சுமார் நூறு ஆண்டு கழித்து அவர் பெயர் கொண்ட பள்ளியின் குழந்தைகள் அதே ஊருக்குப் போனார்கள்!

ஆனால் இம்முறை அங்கத்தினர்களால் அடியோடு கைவிரிக்க முடியவில்லை. ஒரு சமரச மசோதா உருவாயிற்று. எந்தத் துப்பாக்கியும் வாங்க 21 வயது. பணம் கட்டினாலும் பொதுவாக மூன்று நாள் காத்திருக்க வேண்டும். ஆபத்தானவர் என்று போலீஸார் கோர்ட்டில் காட்டினால் அவர் ஆயுதங்களைத் தாற்காலிகமாக எடுத்து வைக்கலாம். இவற்றோடு பள்ளிப் பாதுகாப்புக்கும் மனநல வைத்தியத்துக்குமாகச் சுமார் 40 கோடி டாலர். இத்தனையும் ஒரு தட்டில். மறு தட்டில், பள்ளி ஊழியர்களில் விரும்பியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் துப்பாக்கியும் கொடுக்கும் திட்டம்!

இங்கேதான் தர்மசங்கடம். வயது வரம்பை உயர்த்தியது சிலருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்குள் துப்பாக்கி வருவது வேறு சிலருக்குப் பிடிக்கவில்லை. இரு தரப்பாரும் எதிர்த்து வோட்டுப் போடத் தயாரானார்கள். நடுவே மேல்சபை, அவ்வகைத் துப்பாக்கி விற்பனையை இரண்டு வருஷம் நிறுத்தி வைக்க வாய்மொழியாகச் சம்மதித்து, சில நிமிஷங்களிலேயே அதை ரத்தும் செய்தது. அந்தச் சில நிமிஷம் எத்தனை தாய்மார்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்களோ!

இறந்த 17 பேரின் குடும்பத்தாரும் சேர்ந்து கையெழுத்திட்டு மசோதாவை நிறைவேற்றும்படி வேண்டினார்கள். துப்பாக்கியைப் பற்றி அவர்களுக்குள்ளேயே பலவித அபிப்பிராயங்கள் இருந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த சோகத்திலும் ஒரே காகிதத்தில் 17 வீட்டாரையும் கையெழுத்திட வைத்ததே, இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மார்ச் 5-ந் தேதி மேல்சபையில் 20-க்கு 18 என்று மசோதா தப்பியது. ஒரே ஒருவர் பக்கம் மாறியிருந்தால் 19-க்கு 19 ஆகி, அங்கேயே கவிழ்ந்திருக்கும். 7-ந் தேதி கீழ்ச்சபையில் 67-க்கு 50. 9-ந் தேதி கவர்னர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்டார். துப்பாக்கிக்காரர் சங்கம் அன்றைக்கே வழக்குப் போட்டது. ஏழு வருஷம் நடந்த அந்த வழக்கில் 2025 மார்ச்சில் அட்லாண்டாவிலுள்ள மத்திய அப்பீல் கோர்ட் சட்டம் செல்லும் என்றது. ஆயுதத்தை எடுத்து வைக்கும் பிரிவின் கீழ் கோர்ட்டுகள் ஆயிரக்கணக்கில் உத்தரவு பிறப்பித்திருக்கின்றன. குழந்தைகள் முதலில் கேட்ட முழுத் தடை மட்டும் வரவில்லை.

வயதை மறுபடி 18 ஆக்கும் மசோதாவை 2023, 2024, 2025 மூன்று வருஷங்களிலும் கீழ்ச்சபை நிறைவேற்றியது. மூன்று முறையும் மேல்சபை அதை எடுத்துக்கொள்ளாமலே கலைந்தது. பார்க்லண்டில் பிள்ளையை இழந்த பெற்றோர் சிலர், பழையபடி 400 மைல் கடந்து, கமிட்டி முன்னால் பேசப் போனார்கள்.