மர்தானாவின் ரபாப்

நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுப்ப வரும் பாவா, ரபான் பறையை அடிக்க முன் நெருப்பில் காட்டிச் சூடாக்குவதைக் கண்டிருப்பீர்கள். பொத்துவிலின் கடல் காற்றில் ஈரம் அதிகம். ஆட்டுத்தோல் அதை உறிஞ்சித் தளர்ந்துவிடும். தளர்ந்த தோல் மெதுவாக அதிரும், சத்தம் ‘தொப்’பென்று அமுங்கும். சூட்டில் ஈரம் போனால் தோல் இறுகி வேகமாக அதிரும். அப்போதுதான் ‘டங்’ என்று தெரு முழுக்கக் கேட்கும்.

இதே ஆட்டுத்தோலுக்குச் சீக்கிய சமயத்திலும் ஓர் இடம் உண்டு.

1469இல் தல்வண்டியில் பிறந்தவர், அச்சமயத்தைத் தொடக்கிய குரு நானக். இன்று அந்த ஊர் பாகிஸ்தானில் நன்கானா சாகிப். அவருடைய கூட்டாளி மர்தானா ஒரு முஸ்லிம். நானக் பாட, மர்தானா ரபாப் வாசிப்பார். குடைந்த மரத்தின் வாயில் தோல் போர்த்து, மேலே நரம்பு கட்டிய வாத்தியம் அது. மெல்லிய நரம்பு தனியே அதிர்ந்தால் காற்றை அவ்வளவாகத் தள்ளாது. அதிர்வு, நரம்பைத் தாங்கும் ‘குதிரை’ வழியே தோலுக்கு இறங்கும். அகன்ற தோல்தான் காற்றை உலுக்கும்.

இறைவன் ஒருவன், உருவமற்றவன். உழைத்து உண், பகிர்ந்து உண். பாட்டில் வந்தது இதுதான். சீக்கியக் கோயிலான குருத்துவாராவின் லங்கரில், அதாவது பொதுச் சமையற்கூடத்தில், யார் போனாலும் ஒரே வரிசையில் இருந்து சாப்பிடலாம், காசில்லை. நானக்குக்குப் பின் ஒன்பது குருமார். பத்தாமவர் குரு கோவிந்த் சிங் 1699இல் தீட்சை பெற்ற சீக்கியரின் அணியான கால்சாவை அமைத்தார். வெட்டாத முடியும் இரும்புக் காப்பும் அதன் அடையாளங்களில் சில.

1604இல் ஐந்தாம் குரு அர்ஜன் தொகுத்த வேதநூல் பெரும்பாலும் இராகவாரியாக அடுக்கிய பாட்டுகள்தாம். சூபி ஞானி ஷேக் பரீதின் பாடல்களும் அதில் உண்டு!

நானக் இலங்கைக்கு வந்து, கல்முனைக்கு அப்பால் மட்டக்களப்பு வீதியிலுள்ள குருக்கள்மடத்தில் தங்கினார் என்றொரு வழக்கு இருக்கிறது. ஆனால் அவரது பயணக் கதைகள் அவர் காலத்துக்குப் பின் எழுதப்பட்டவை. ஆகவே இதை வரலாறு என்று எழுத எனக்குத் துணிவில்லை. ரபாப் வந்திருந்தால், நம் மாரிகாலத்தில் படாத பாடு பட்டிருக்கும்.

அமிர்தசரசின் பொற்கோயிலில் முஸ்லிம் ரபாபிகள் 1947 பிரிவினை வரை பாடினார்கள். ஆர்மோனியமும் அங்கே இடம்பிடித்தது. அதன் பித்தளை நாக்குகள் ஈரம் குடிக்காது, சுருதி எளிதில் கலையாது. ஆனால் கட்டைக்குக் கட்டை தாவத்தான் முடியும். சீக்கிய ரபாபில் வீணை போல மெட்டுகள் இல்லை, விரல் வழுக்கிப் போய் இடையிலுள்ள ஓசைகளையும் எடுக்கும். 2022இல் சீக்கியரின் உயர் சமயபீடமான அகால் தக்த், மூன்று ஆண்டுக்குள் ஆர்மோனியத்தை நீக்கி நரம்பு வாத்தியங்களை மீட்கும்படி பணித்தது. வாசிப்பவருக்கு மழைநாளில் சுருதி சேர்க்கும் வேலை கூடும்தான்.