பழைய கட்டடம் யாருக்குச் சொந்தம்?

வேலூர்க் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? சுற்றிலும் அகழி உள்ள கோட்டை அது. அந்தக் கோட்டைக்கும் கல்கத்தாவில் உள்ள ஓர் ஊர்ப்பகுதிக்கும் தொடர்பு உண்டு. அந்தப் பகுதியின் பெயர் டாலிகஞ்ச்.

திப்பு சுல்தான் 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டினத்தில் போரிட்டு இறந்தார். அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தனர். 1806 ஜூலை 10 அன்று அந்தக் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தனர். ஆங்கிலேயர் அந்தக் கிளர்ச்சியை அடக்கினர். திப்புவின் பிள்ளைகள் தெற்கே இருப்பது ஆபத்து என்று நினைத்தனர். அவர்களைத் தொலைவில் உள்ள கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டனர்.

அங்கே அவர்கள் குடியேறிய இடம்தான் டாலிகஞ்ச். அன்று அதற்கு ரசாபக்லா என்று பெயர்.

ஊர்ப் பெயர் வந்த கதை

டாலிகஞ்ச் வழியாக ஒரு கால்வாய் ஓடுகிறது. அது கங்கையின் பழைய பாதை. மக்கள் அதை 'ஆதி கங்கை' என்பார்கள். அந்தப் பாதை தூர்ந்து போயிருந்தது. வில்லியம் டாலி என்ற ஆங்கிலேய அதிகாரி 1775 முதல் 1777 வரை அதைத் தோண்டிச் சீர் செய்தார். படகுகள் வந்து போயின. 'கஞ்ச்' என்றால் சந்தை. டாலியின் பெயரும் சந்தையும் சேர்ந்து 'டாலிகஞ்ச்' ஆயிற்று.

திப்புவின் இளைய மகன் குலாம் முகமது. அவர் கல்கத்தாவில் இரண்டு மசூதிகளைக் கட்டினார். ஒன்று தர்மதலா பகுதியில் 1842-இல் கட்டப்பட்டது. அதே தோற்றத்தில் இன்னொன்று டாலிகஞ்சில் உள்ளது. இன்றும் இரண்டிலும் தொழுகை நடக்கிறது. அருகே ஒரு பெரிய சாலைக்கு இளவரசர் அன்வர் ஷா சாலை என்று பெயர். இவரும் திப்புவின் வழியில் வந்தவர்.

டாலிகஞ்சுக்கு வேறு பெருமையும் உண்டு. அது வங்கத் திரைப்படத்தின் தாய்வீடு. 1931-இல் பி. என். சர்க்கார் அங்கே நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் சென்னையில் போதிய ஸ்டூடியோ வசதி இல்லை. அதனால் 1930-களில் பல தமிழ்ப் படங்களையும் கல்கத்தாவில்தான் எடுத்தார்கள்.

ஒரு கால்வாய், ஒரு மசூதி, ஒரு ஸ்டூடியோ, ஒரு டிராம் பணிமனை. இவை ஒவ்வொன்றும் ஒரு கதையைச் சொல்கின்றன. இவற்றை இடித்துவிட்டால் கதையைக் காட்ட அடையாளம் இருக்காது. இப்படிப்பட்டவற்றைத்தான் 'பாரம்பரியச் சின்னம்' என்கிறோம்.

இடிப்பது எளிது

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். நூறு வயது வீடு. தாத்தா கட்டியது. இப்போது மூன்று அண்ணன் தம்பிகளுக்குச் சொந்தம். கூரை ஒழுகுகிறது. சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. பழுது பார்க்கப் பணம் இல்லை. ஒரு நாள் கட்டட முதலாளி ஒருவர் வருகிறார். "இந்த இடத்தைக் கொடுங்கள். ஐந்து மாடி கட்டுகிறேன். ஆளுக்கு ஒரு வீடு தருகிறேன்" என்கிறார்.

பெரியவர் தயங்குகிறார். "அப்பா பிறந்த வீடு ஆயிற்றே" என்கிறார்.

இளையவர் சொல்கிறார்: "அண்ணா, மழை வந்தால் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள்? பெருமை கூரையாகுமா?"

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பழைய வீட்டைக் காப்பாற்று என்று ஊர் சொல்கிறது. ஆனால் செலவு வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் திட்டம் வேண்டும், சட்டம் வேண்டும்.

கல்கத்தாவில் என்ன செய்தார்கள்?

கல்கத்தா மாநகராட்சிச் சட்டம் 1980-ஆம் ஆண்டுச் சட்டம். பாரம்பரியக் கட்டடங்களுக்காக 1990-களில் அதில் ஒரு தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. 2001-இல் மேற்கு வங்க அரசு பாரம்பரிய ஆணையத்துக்கு எனத் தனிச் சட்டமும் இயற்றியது.

முதல் வேலை, பட்டியல் எடுப்பது. எந்தக் கட்டடம் பழையது? யார் கட்டினார்? யார் வாழ்ந்தார்? கட்டிய முறையில் என்ன சிறப்பு? இவற்றைப் பார்த்துப் பட்டியலில் சேர்க்கிறார்கள்.

இரண்டாவது வேலை, தரம் பிரிப்பது. எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே விதி பொருந்தாது. அதனால் நான்கு வகையாகப் பிரித்தார்கள்.

முதல் தரக் கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்றவே கூடாது. பழுது பார்க்கலாம். காப்பாற்றலாம்.

இரண்டாம் தரம் 'ஏ' வகையில் பழைய கட்டடம் அப்படியே நிற்க வேண்டும். அதே மனையில் புதிதாகக் கட்டலாம். ஆனால் அது பழைய கட்டடத்தை மறைக்கக் கூடாது.

இரண்டாம் தரம் 'பி' வகையில் பழைய கட்டடத்தோடு சேர்த்துக் கட்டலாம். மேலேயும் கட்டலாம். அது பழைய கட்டடத்துக்குப் பொருந்தி இருக்க வேண்டும்.

மூன்றாம் தரத்தில் புதிய கட்டடம் எழுப்ப இடம் உண்டு. அங்கே என்ன இருந்தது என்று நினைவுப் பலகை வைக்க வேண்டும்.

மூன்றாவது வேலை, அனுமதி முறை. பட்டியலில் உள்ள கட்டடத்தில் கை வைக்கும் முன் மாநகராட்சியிடம் அனுமதி பெற வேண்டும். வல்லுநர்கள் கொண்ட ஒரு பாதுகாப்புக் குழு அதைப் பார்க்கும்.

நான்காவது வேலை, வீட்டுக்காரருக்குத் துணை நிற்பது. கட்டடத்தைப் பேணுவது உரிமையாளரின் கடமை என்கிறது சட்டம். அவருக்கு வரிச் சலுகை தரவும் மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு. கைவிடப்பட்ட கட்டடத்தை மாநகராட்சியே ஏற்றுப் பராமரிக்கவும் வழி உண்டு.

பட்டியல் மட்டும் போதுமா?

போதாது. கல்கத்தா நகரின் நடுவே ஒரு பழைய ஓட்டல் கட்டடம் இருந்தது. அது இரண்டாம் தரம் 'ஏ' வகையில் இருந்தது. பிறகு அதை மூன்றாம் தரத்துக்கு இறக்கினார்கள். 2018-இல் அதை இடித்தார்கள். நகர மக்கள் பலர் வருந்தினர். தரத்தை மாற்றும்போது மக்களுக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பட்டியல் வெறும் காகிதம்தான்.

வளர்ச்சி வேலையும் பழமையும் சில இடங்களில் மோதும். இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984-இல் கல்கத்தாவில் ஓடியது. 1986-இல் டாலிகஞ்ச் வரை வந்தது. மக்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் தர்மதலாவில் மெட்ரோ வேலை நடந்தபோது, திப்புவின் மகன் கட்டிய மசூதி பழுதடைந்தது. மக்கள் குழு அமைத்துக் கேட்டார்கள். பழுதான பகுதி திரும்பக் கட்டப்பட்டது.

டாலிகஞ்ச் கால்வாயின் கதை வேறு. 2009-இல் மெட்ரோ பாதை டாலிகஞ்சில் இருந்து தெற்கே நீண்டது. அதற்காகக் கால்வாய்க்குள்ளேயே நூற்றுக்கணக்கான தூண்களை நட்டார்கள். படகு போன ஆதி கங்கை இன்று தூண்களுக்கு நடுவே சாக்கடை கலந்து கிடக்கிறது. ரயில் வேண்டும். ஆறும் வேண்டும். முன்பே யோசித்துத் திட்டம் போட்டால்தான் இரண்டும் கிடைக்கும்.

நம் ஊரில்

தமிழ்நாட்டிலும் இப்படி நடந்தது. சென்னை அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் உள்ளது. 1897-இல் கட்டியது. 2006-இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். பழமையைக் காக்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் சென்றது. இடிப்பு நின்றது. 2010-இல் உயர் நீதிமன்றம் அந்தக் கட்டடத்தைக் காக்கும்படி தீர்ப்பு அளித்தது. 2012-இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது.

வேலூர்க் கோட்டையை மத்தியத் தொல்லியல் துறை காக்கிறது. அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்ட அனுமதி வேண்டும்.

பழுது பார்ப்பதில் கவனம்

பழைய சுவரைக் கட்டியவர்கள் சிமெண்ட் போடவில்லை. சுண்ணாம்பும் மணலும் போட்டார்கள். செங்கல் தூளான சுர்க்கியையும் கலந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். கொஞ்ச நாளில் செங்கல் உப்புப் பூத்து உதிரும். நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்துவிடுவோம்.

பழைய சுவருக்குச் சுண்ணாம்புக் கலவைதான் நல்லது. அது தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். சுவரில் முளைக்கும் அரசு, ஆலங்கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். வேர் பருத்தால் சுவர் பிளந்துவிடும். மழைக்கு முன் கூரையின் நீர்ப்போக்கியைச் சுத்தம் செய்யுங்கள். இந்தச் சிறு வேலைகளுக்குச் செலவு குறைவு. செய்யாமல் விட்டால் செலவு பல மடங்கு ஆகும்.

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் ஊரில் பழைய சத்திரம் இருக்கலாம். மதகு, கிணறு, மசூதி, மாதா கோயில், பள்ளிக்கூடம் இருக்கலாம். பெரியவர்களிடம் அவற்றின் கதையைக் கேளுங்கள். கேட்டதை நோட்டில் எழுதி வையுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். ஊர் எடுக்கும் முதல் பட்டியல் உங்கள் நோட்டாகவே இருக்கட்டும்.

கிராம சபையில் அதைப் பேசுங்கள். இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் மனு எழுதிக் கொடுங்கள். அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்களின் கஷ்டத்தையும் அதில் எழுதுங்கள். அவர்களுக்கு ஒழுகாத கூரை கிடைத்தால்தான் பழைய சுவரும் நிற்கும்.

வீட்டுப் பத்திரத்தில் ஒருவர் பெயர் இருக்கும். ஆனால் அந்த வீட்டின் கதை ஊருக்கே சொந்தம். வேலூரில் தொடங்கிய ஒரு கதையை டாலிகஞ்ச் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்வதற்கு அங்கே ஒரு மசூதி நிற்கிறது.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊரின் மிகப் பழைய கட்டடம் எது? அதைக் கட்டியவர் யார்?

2. அண்ணன் தம்பிகள் கதையில் நீங்கள் என்ன தீர்ப்பு சொல்வீர்கள்?

3. பழைய கட்டடத்தைக் காக்கும் செலவை யார் ஏற்க வேண்டும்? வீட்டுக்காரரா, ஊரா, அரசா?