துறவி சொன்ன எண்

நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தில் நின்று, வாவியின் அடியிலிருந்து எழும் பாடும் மீனின் ஒலிக்குச் செவிசாய்த்தோர் நம்மிற் பலர். காரைதீவில் தோன்றிய விபுலானந்த அடிகள் 1947 ஆம் ஆண்டு வெளியிட்ட யாழ் நூலில் இசையும் கணிதமும் கைகோத்து நிற்பதைக் காண்கிறோம். நரம்பின் நீளம் குறையக் குறையச் சுரம் உயரும் விதியை 1636 இல் வகுத்துரைத்தவரும் ஒரு துறவியே. பிரான்சு நாட்டு மரின் மெர்சேன் என்பவர். ஆயினும் அவர் பெயர் இன்று பெரிதும் வழங்குவது எண்களால்.

இரண்டை இரண்டால் பன்முறை பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழியுங்கள். 2 ஐ மும்முறை எழுதிப் பெருக்கினால் 8. ஒன்று போக 7. ஐந்து முறையாயின் 31. இவை முதன்மை எண்கள். பகா எண்கள் என்றும் சொல்வர். முறையின் தொகை முதன்மை எண்ணாயிருத்தல் வேண்டும். எனினும் அதுமட்டும் போதாது. பதினொரு முறைக்கு வருவது 2047. அது 23 ஐ 89 ஆல் பெருக்கியது.

1644 இல் மெர்சேன், 67 முறைக்கு வருவதும் முதன்மை எண்ணே என்று எழுதிவிட்டார். அவ்வெண்ணுக்கு இலக்கங்கள் 21. சரிபார்ப்பது யார்? அவர் சொல் 232 ஆண்டுகள் நின்றது. 1876 இல் லூக்காஸ் என்னும் பிரெஞ்சுக் கணிதர் அது பகுபடும் எண் என நிறுவினார். எவ்வெண்களாற் பகுபடும் என்பதோ அவருக்கும் தெரியாது! காரணி ஒன்றையும் காணாமலே பகுபடும் என்று துணிவது எங்ஙனம்?

அவர் வகுத்து, பின்னர் லேமர் எளிதாக்கிய முறையை 31 க்கு இட்டுப் பார்ப்போம். 4 இல் தொடங்குக. அதனை அதனாலேயே பெருக்கி 2 ஐக் கழிக்க 14. மீண்டும் அவ்வாறே செய்ய 194. 31 ஆல் வகுக்க மீதி 8. இன்னுமொரு முறை: 64 இல் 2 போக 62, மீதி பூச்சியம். ஐந்தில் இரண்டு குறைய மூன்று. மூன்றாம் படியிற் பூச்சியம் வந்தமையால் 31 முதன்மை எண். வராவிடின் அன்று. 2047 க்கு ஒன்பது படிகள் உள. வீட்டுப் பிள்ளைகள் பென்சிலுடன் அமரட்டும்.

காரணிகளை 1903 இல் அமெரிக்கக் கணிதர் கோல் கண்டார். கணிதச் சபையில் ஒரு வார்த்தையும் பேசாது, கரும்பலகையில் 193707721 ஐ 761838257287 ஆல் பெருக்கிக் காட்டி அமர்ந்தார் என்பர். மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குச் சென்றனவாம். நமது ஞாயிறுகள் எங்கே செல்கின்றன என்பதை இங்குப் பேச வேண்டாம்.

2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சேன் எண்ணோ 136279841 முறைக்கு உரியது. அதனையும் இறுதியில் உறுதி செய்தது அதே முறைதான், கணக்கிட்டவை கணினிகள். இலக்கங்கள் 41024320. நொடிக்கு ஓர் இலக்கமாக இரவுபகல் ஓயாது வாசித்தாலும் 474 நாட்களுக்கு மேலாகும். இதுவரை அறியப்பட்ட இவ்வகை எண்களில் இது 52 ஆவது. இவை முடிவின்றித் தொடர்வனவா என்பதை எவரும் இன்னும் நிறுவவில்லை.