சுட்டியின் வலிமை

பூமியின் திணிவைக் கிலோகிராமிற் சொல்லப் புகுந்தால், ஏறத்தாழ 6 என்று எழுதி அதன் பின்னே 24 பூச்சியங்களை இடவேண்டும். சூரியனுக்கோ 2ஐ அடுத்து 30 பூச்சியங்கள். எண்ணியே கண் களைத்துவிடும். ஆகவே விஞ்ஞானிகள் முன்னதை, 6ஐ 10இன் 24ஆம் வலுவாற் பெருக்கிய தொகை என்றும், பின்னதை, 2ஐ 10இன் 30ஆம் வலுவாற் பெருக்கிய தொகை என்றும் சுருக்கி எழுதுவர். பத்தின் தலைமேற் சிறிதாக எழுதப்படும் அந்த 24உம் 30உமே சுட்டிகள்.

மாணவர் பலர் இடறுவது இங்கேதான். இரண்டுக்கும் வித்தியாசம் ஆறுதானே என எண்ணிவிடுகின்றனர். சுட்டி ஒன்று கூடினால் எண் பத்து மடங்காகும். ஆறு கூடினாற் பத்து இலட்சம் மடங்காகும். முன்னிற்கும் 6ஐயும் 2ஐயும் சேர்த்து நோக்கின், சூரியனின் திணிவு பூமியினதைப்போல் ஏறத்தாழ 333,000 மடங்கு எனக் காண்போம். முன்னெண்ணிற் சிறிது பிழைத்தவனை மன்னிக்கலாம். சுட்டியிற் பிழைத்தவனோ பூமியையே சூரியனாக்கிவிடுவான்!

பெருக்கும்போது சுட்டிகளைக் கூட்டுகிறோம், வகுக்கும்போது கழிக்கிறோம். வர்க்கமூலம் காணச் சுட்டியைப் பாதியாக்குகிறோம். பன்னிரண்டு பத்துக்களின் பெருக்கத்தை அதனாலேயே பெருக்கினால் இருபத்துநான்கு பத்துக்களின் பெருக்கம் வருமன்றோ? எனவே 10இன் 24ஆம் வலுவின் வர்க்கமூலம் 10இன் 12ஆம் வலு.

சுட்டி ஒற்றை எண்ணாயின் என் செய்வது? 1.6ஐ 10இன் 7ஆம் வலுவாற் பெருக்கிய எண்ணை எடுத்துக்கொள்வோம். தசமப்புள்ளியை ஓரிடம் வலப்புறம் நகர்த்திச் சுட்டியில் ஒன்றைக் குறைத்தால், 16ஐ 10இன் 6ஆம் வலுவாற் பெருக்கியதாகும், பெறுமதி மாறாது. 16இன் வர்க்கமூலம் 4. மற்றையதன் வர்க்கமூலம் 1,000. விடை 4,000.