அப்பாவின் கப்சாயை எழுப்புவது எப்படி?

தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு தாமானுக்கு வந்த குடும்பங்கள் பலவற்றில் ஒரு பழைய மோட்டார் இருக்கும். பின்கட்டில், படிக்கட்டுக்கு அடியில், அல்லது மாமா வீட்டுக் கொட்டகையில். மேலே ஒரு கித்தான் துணி. முன்கூடையில் காலிப் போத்தல்களும் பழைய நாளிதழ்களும். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம், “இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமே” என்று யாராவது சொல்வார்கள். “இருக்கட்டும்” என்பார் அப்பா. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இப்போது அந்தத் துணியை விலக்கிப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. பழைய கப்சாயைச் சீர்செய்து ஓட்டுவது இளைஞர்கள் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. ஆசை நல்லதுதான். ஆனால் துணியை விலக்கியதும் நாம் செய்கிற முதல் வேலை என்ன? ஏறி உட்கார்ந்து ஓங்கி ஓர் உதை. பல ஆண்டுகள் தூங்கிய இயந்திரத்துக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. உதைப்பது இந்த வேலையில் கடைசிப் படி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய உண்டு.

ஏன் இந்த வண்டி சாகாது?

ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் மோட்டாரை 1958ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானில் அறிமுகப்படுத்தியது. நூடல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டும்படி வண்டி இருக்க வேண்டும் என்பது அதை வடிவமைத்தவர்களின் எண்ணம். அதனால்தான் கையில் கிளட்ச் பிடி இல்லை. காலைத் தூக்கிப் போடாமல் ஏறிக்கொள்ளலாம் என்பதால் சேலை கட்டியவர்களுக்கும் வசதியாக அமைந்தது. அதே 1958இல் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ மலாயாவில் ஹோண்டாவின் விநியோகஸ்தரானார். சிறு வயதில் வாகனப் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். ‘கப்’ என்ற பெயரோடு, சீனத்தில் சிறியது என்று பொருள்படும் ‘சாய்’ சேர்ந்து நம் ஊரில் ‘கப்சாய்’ ஆனது. 2017ஆம் ஆண்டில் உலகெங்கும் தயாரான சூப்பர் கப் வகை வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது.

நம்மவர்களுக்கு அது வண்டி மட்டுமல்ல. தோட்டத்திலிருந்து பட்டணத்து மருத்துவமனைக்கும், பிள்ளைகளின் இடைநிலைப்பள்ளிக்கும், ஞாயிற்றுக்கிழமைப் பசாருக்கும் போக லாரிக்கோ பேருந்துக்கோ காத்திருந்த குடும்பத்துக்கு, நினைத்த நேரத்தில் வெளியே போகும் வழியைத் திறந்தது அதுதான்.

பெரும்பாலான வீடுகளில் நிற்பது சி70 அல்லது அதற்குப் பின் வந்த இஎக்ஸ்5. சி70இன் எஞ்சின் 72 சிசி. ஒரே சிலிண்டர். காற்றால் குளிர்வது, ஆகவே ரேடியேட்டரும் தண்ணீர்க் குழாய்களும் இல்லை. கணினிப் பெட்டியும் இல்லை. உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆகவே வண்டியின் வயதைக் கண்டு பயப்பட வேண்டாம். முறை தெரிந்தால் போதும்.

முதலில் கிராண்ட்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கிராண்டைத் தேடுங்கள். அதில் உள்ள எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் எஞ்சின் மாற்றியிருப்பது சாதாரணம். மாற்றியதைப் பதிவு செய்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

அடுத்து, வண்டி யார் பெயரில் இருக்கிறது? அப்பா பெயரில் இருந்து, அவரும் நலமாக இருந்தால், உரிமையை மாற்றுவது எளிய காரியம். அவர் காலமாகிவிட்டால், அந்தப் பழைய மோட்டாரும் அவர் விட்டுச்சென்ற சொத்துகளில் ஒன்று. வாரிசு ஆவணங்கள் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. சில நூறு வெள்ளி மதிப்புள்ள வண்டிக்காக அண்ணன் தம்பிகள் எல்லாரும் கையெழுத்துக்கு அலைய வேண்டி வரும். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடக் கூடாத வேலை இது.

150 சிசிக்கு உட்பட்ட மோட்டாருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 2 வெள்ளிதான். ஆனால் காப்புறுதி இல்லாமல் சாலை வரி எடுக்க முடியாது. வரி கட்டாமல் பல ஆண்டுகள் நின்ற வண்டி என்றால், செலவு செய்வதற்கு முன் ஜேபிஜே முகப்பிடத்தில் எண்ணைக் கொடுத்து வண்டியின் பதிவு நிலையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நிற்க முடிந்த பிறகே ஓட வேண்டும்

எஞ்சின் சத்தம் கேட்கும் ஆவலில் எல்லாரும் கடைசிக்குத் தள்ளுவது பிரேக்கையும் டயரையும். நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் சென்றவர்கள். ஆகவே இந்த வேலையை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2311 என்றால் 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பூ தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும், நம் வெயிலிலும் ஈரத்திலும் ரப்பர் இறுகி, நுண்ணிய வெடிப்புகள் விழுந்திருக்கும். டயர், டியூப் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

சி70இல் இரண்டு பக்கமும் டிரம் பிரேக். சக்கரத்தைக் கழற்றி உள்ளே பாருங்கள். பிரேக் கட்டையில் ஒட்டியுள்ள பட்டை பழையதானால் கழன்று வரக்கூடும். ஓட்டத்தில் அது கழன்றால் சக்கரம் இறுகிக்கொள்ளும். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். முகக்கவரி அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பிரேக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் இரண்டும் இழுத்து விட்டதும் தானாகத் திரும்புகின்றனவா என்று பாருங்கள். ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொண்டால் ஆபத்து.

எண்ணெய், காற்று, தீப்பொறி

இனி எஞ்சின். முதலில் அது சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் சிறிது எஞ்சின் எண்ணெய் விட்டு ஓரிரவு அப்படியே விடுங்கள். மறுநாள் பிளக் இல்லாமலேயே கிக் ஸ்டார்ட்டரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். நகர்ந்தால் நிம்மதி. நகரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு மேலும் சில நாட்கள் பொறுத்திருங்கள். துருப்பிடித்த சிலிண்டரில் பலத்தைக் காட்டினால் பிஸ்டன் வளையம் உடையும், கிக் பற்சக்கரமும் போகும்.

அடுத்து, கறுப்பு எண்ணெய். அடியில் உள்ள 17 மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றிப் பழையதை முழுவதும் வடித்துவிடுங்கள். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

பெட்ரோல் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருப்பதில்லை. அதில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும், மீதி பிசினாகிவிடும். டாங்கியைக் கழற்றிக் கவிழ்த்து உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். மெல்லிய துரு என்றால் வெள்ளைக் காடியை நிரப்பி ஓரிரு நாள் ஊறவைத்து, சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்தால் போதும். ஓட்டை விழுந்த டாங்கியை நீங்களே ஒட்டவைக்க முயல வேண்டாம். பெட்ரோல் ஆவி எஞ்சியிருக்கும் டாங்கியில் நெருப்புப் படுவது வெடிகுண்டோடு விளையாடுவது போல.

கார்புரேட்டரில் தலைமுடி அளவே துவாரமுள்ள ஜெட்டுகள் இருக்கின்றன. பிசின் முதலில் அடைப்பது அவற்றைத்தான். கழற்றும்போது ஒவ்வொரு படியையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, அழுத்தக் காற்றால் ஊதுங்கள். ஜெட்டில் கம்பியை விட்டுக் குடையாதீர்கள். துவாரம் பெரிதானால் பிறகு எண்ணெய் அளவு சரிவராது. காற்று வடிகட்டியையும் சைலன்சர் குழாயையும் மறக்க வேண்டாம். எலிக்கும் குளவிக்கும் அவற்றைப் போல வசதியான வீடு கிடையாது.

புதுப் பிளக் ஒன்றின் விலை பெரிதல்ல, வாங்கிப் போடுங்கள். இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். பாயிண்ட் உள்ள பழைய மாடல் என்றால், அதன் முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைக்க வேண்டும். பெட்ரோல் மூடப்பட்டு, சுற்றிலும் பெட்ரோல் ஆவி இல்லாதபோது, பிளக்கை எஞ்சின் உலோகத்தில் தொடவைத்து உதைத்தால் நீலப் பொறி தெரிய வேண்டும்.

கையேட்டில் இல்லாத பாடம்

இவை எல்லாம் புத்தகத்திலும் காணொளியிலும் கிடைக்கும். கிடைக்காதது ஒன்று உண்டு.

எங்கள் வீட்டு சி70 பதினோர் ஆண்டுகள் நின்றது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு வலது கை சரியாக வராது. தம்பியும் நானும் வேலையைத் தொடங்கியபோது, பிளாஸ்டிக் நாற்காலியைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தம்பி காலைத் தூக்கியதும், “உதைக்காதே!” என்று அதட்டினார். பல மாதங்களில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

இடது பக்க மூடியில் ஒரு திருகாணி மட்டும் வேறு அளவு, அதை இழுத்து முறுக்கக் கூடாது என்றார். வண்டியை நிறுத்திய அன்று பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரை வடித்துவிட்டுத்தான் துணி போர்த்தினேன் என்றார். திறந்து பார்த்தோம், உள்ளே பிசினே இல்லை. மழை நாளில் எந்த ஒயர் ஈரமானால் வண்டி நின்றுபோகும், மேட்டில் எந்த கியரில் இழுக்காது என்று ஒவ்வொன்றாக வந்தது. இடையிடையே, பால்வெட்டு முடிந்து அம்மாவைப் பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு போன இரவும் வந்தது. அந்தக் கதையை நாங்கள் அதற்கு முன் முழுதாகக் கேட்டதில்லை.

நம் அப்பாக்களில் பலருக்கு “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “ஆங், இருக்கேன்” என்பதற்கு மேல் பதில் வராது. அதே மனிதரிடம் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார்.

வண்டி இன்னும் பத்து ஆண்டுகள்கூடத் துணிக்கு அடியில் காத்திருக்கும். பாயிண்டும் பிளக்கும் கடையில் எப்போதும் கிடைக்கும். அந்த வண்டியை அறிந்தவர் நம்மோடு இருக்கும் காலத்துக்குத்தான் அளவு உண்டு. கிராண்டில் பெயர் மாற்றுவதற்கும் இதே நியாயம்தான்.

இப்போது உதைக்கலாம்

வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளி வாருங்கள். மூடிய இடத்தில் சைலன்சர் புகை உயிரைப் பறிக்கும். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். புதுப் பெட்ரோல் கொஞ்சம் ஊற்றி, குழாயைத் திறந்து, எங்காவது ஒழுகுகிறதா என்று சில நிமிடம் பாருங்கள். சோக்கை இழுத்து, நிதானமாக உதையுங்கள். பத்துப் பதினைந்து உதைக்கும் அசையவில்லையென்றால் நிறுத்திவிட்டு, பெட்ரோல் வருகிறதா, பொறி வருகிறதா என்று மறுபடி பாருங்கள்.

கிளம்பியதும் சைலன்சரில் புகை வரும். சிலிண்டரில் விட்ட எண்ணெய் எரிந்து தீரும்வரை அது இருக்கும். நன்றாகச் சூடேறிய பிறகும் நீலப் புகை நிற்கவில்லையென்றால், பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். அப்போது பட்டறைக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். முதல் 100 கிலோமீட்டருக்குள் கறுப்பு எண்ணெயை மறுபடி மாற்றுங்கள். உள்ளே தங்கியிருந்த அழுக்கெல்லாம் அதில் இறங்கியிருக்கும். காப்புறுதியும் சாலை வரியும் கைக்கு வரும்வரை வண்டி வீட்டு வளாகத்தைத் தாண்டக் கூடாது.

எல்லாவற்றையும் பளபளவென்று புதிதாக்க வேண்டும் என்பதில்லை. குரோம் பூசி, வண்ணம் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு அது கண்காட்சி வண்டியாகிவிடும். பிரேக்கும் டயரும் விளக்கும் புதிதாக இருக்கட்டும். தேய்ந்துபோன இருக்கை உறையையும், பால்வாளி உரசிய கோட்டையும் அப்படியே விட்டுவைப்பதில் தவறில்லை.

இந்த வாரம் ஸ்பேனர் கூட வேண்டாம். ஒரு தாளை எடுத்துக்கொண்டு அப்பாவிடமோ தாத்தாவிடமோ மூன்று கேள்விகள் கேளுங்கள். கிராண்ட் எங்கே? கடைசியாக எப்போது ஓடியது? அன்று அதில் என்ன கோளாறு இருந்தது? அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பட்டறைக்குப் போகும்போது மெக்கானிக் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான்.