உவர்க்காற்றில் ஒரு கணிப்பொறி

விளையாட்டுக்கென ஒரு கணிப்பொறியைத் தாமே பொருத்த முனையும் இளைஞர் பலர் செயலியின் வேகத்தைக் கண்டே மயங்குகின்றனர். அது அமரும் பொருத்துவாயைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 செயலிக்கு அடியில் 1331 ஊசிகள் உண்டு. 2022-இல் வந்த ஏஎம்5 செயலியில் ஊசியே இல்லை. 1718 தட்டையான தொடுமுனைகள் உள்ளன. ஊசிகள் தாய்ப்பலகைக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஒன்றின் பலகையில் மற்றொன்று அமராது.

நினைவகத்தில் வேறுபாடு இன்னும் நுட்பமானது. டிடிஆர்4, டிடிஆர்5 என்னும் இருவகையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நீளம் ஒன்றே; தொடுமுனைகளும் இரண்டிலும் 288. அடிவிளிம்பில் உள்ள சிறு வெட்டு மட்டும் சற்றே தள்ளியிருக்கும். முன்னது தனக்குரிய 1.2 வோல்ட் மின்னழுத்தத்தைப் பலகையிடமிருந்தே பெறுகிறது. பின்னதோ 5 வோல்ட்டை வாங்கித் தன் மேலுள்ள சில்லினால் 1.1 வோல்ட்டாகக் குறைத்துக்கொள்கிறது. மாற்றிச் செருகினால் கேடு. அதைத் தடுக்கவே அந்த வெட்டு. இன்டெலின் 1700 முனைப் பொருத்துவாய் கொண்ட பலகைகள் இருவகை நினைவகத்துக்கும் தனித்தனியே வருவதால், பெட்டியின்மேல் உள்ள எழுத்தைப் படிக்காமல் வாங்கலாகாது.

இவ்வளவும் சென்னை ரிச்சி தெருக் கடைக்காரரே சொல்லிவிடுவார். வாங்கிய பொருள் பழவேற்காட்டுக் காற்றோடு பொருந்துமா என்பதை அவரிடம் கேட்டுப் பயனில்லை. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் நாட்டில் சிலிக்கா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. கோட்டைக்குப்பத்திலோ லைட்ஹவுஸ்குப்பத்திலோ சன்னலைத் திறந்தால் உள்ளே வருவது உப்புத்துகள் மிதக்கும் காற்று.

அத்துகள் உலர்ந்து கிடக்கும்வரை பெருந்தீங்கில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானே நீரை ஈர்த்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு ஏறத்தாழ 33 விழுக்காடே போதும். இக்கரையில் அதற்குக் குறைந்த ஈரப்பதம் அரிது. அக்கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். பலகையில் மயிரிழை இடைவெளியில் நிற்கும் இரு செப்புத் தடங்களுக்கு நடுவே மின்னழுத்தமும் இருந்தால், செம்பு கரைந்து அயனியாக நகர்ந்து, எதிர்முனையில் கிளைகிளையாகப் படியும். கிளை மறுதடத்தைத் தொட்டால் குறுக்குச்சுற்று. படகு என்ஜின் வைத்திருக்கும் ஊரில் உப்பு செய்யும் வேலையை விளக்க வேண்டியதில்லை. இங்கே அது கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கிறது, அவ்வளவே.

ஆகவே, விசிறிகள் நிறைந்து நாற்புறமும் துளையிட்ட அழகுப்பெட்டி இவ்வூர்க்கு ஒவ்வாது என்பேன். காற்றை உள்ளிழுக்கும் விசிறிகள் வெளித்தள்ளுவனவற்றைவிட மிகுந்து, அவற்றின் முன் வடிதிரையும் இருந்தால், வடிகட்டாத காற்று இடுக்குகளின் வழியே புகுவது குறையும். மற்றொன்று: இயங்கும் பொறி சூடாக இருப்பதால் அதன் பரப்பையொட்டிய ஈரப்பதம் தாழ்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள்கணக்காக அணைத்து வைப்பதே அதற்குக் கேடு. துரு ஏறிய உறுப்புக்கு உத்தரவாதமும் பெரும்பாலும் கிட்டாது.

மின்வழங்கியில் வீண்பெருமை வேண்டா. 65 வாட் செயலிக்கும் 115 வாட் கொள்ளும் ஆர்டிஎக்ஸ் 4060 வரைகலை அட்டைக்கும் தரமான 550 வாட் வழங்கி தாராளம். மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் எவ்வளவு விரைவில் மாறுகிறது என்பதே முதன்மை. நம் மின்னோட்டத்தின் ஒரு முழுச்சுழற்சி 20 மில்லிநொடி. நல்ல வழங்கி தாங்குவது ஏறத்தாழ 17 மில்லிநொடி. வீட்டு இன்வெர்ட்டர் பலவற்றில் யூபிஎஸ் நிலைக்கு மாற்றும் சிறு விசை உண்டு. அதைத் தள்ளாமல் விட்டால், மின்சாரம் இமைத்த கணமே ஆட்டமும் நின்றுபோகும். சதுர அலை தரும் மலிவு இன்வெர்ட்டரோடு இன்றைய மின்வழங்கிகள் சில ஒத்துழைப்பதும் இல்லை. சைன் அலை தருவது எனக் கேட்டு வாங்குக.