தண்டவாளச் சட்டம் – 9: கேட் மூடியாச்சா?

வண்டி கிளம்புவதற்கு முன் பிரேக் குழாயில் காற்றழுத்தம் ஏறியிருக்கிறதா, கடைசிப் பெட்டிவரை பிரேக் பிடிக்கிறதா என்று சோதிக்கும் விதிகளைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. 2023 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்ட தாம்பரம் – செங்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிக்கொள்வோம். பொத்தேரியைத் தாண்டி, விழுப்புரம், கடலூர், மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி என்று போகிற வண்டி அது. லெவல் கிராசிங் கேட் பற்றிய விதியின் முழுப் பொருளும் இந்தப் பாதையில் இரண்டு இடங்களில் விளங்கும்.

வேகமாக ஓடும் ரயிலில் அவசர பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் தள்ளித்தான் நிற்கும். கேட்டில் ஒரு வேன் நிற்பது லோகோ பைலட்டின் கண்ணில் படும்போது அவர் கையில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் வண்டி வருவதற்கு முன்பே கேட் மூடியிருக்க வேண்டும் என்கிறது விதி. இன்டர்லாக் செய்த கேட்டில் இதை இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. கேட்டை மூடிப் பூட்டினால் ஒழிய சிக்னல் விழாது. இன்டர்லாக் இல்லாத கேட்டில் நடப்பது வேறு. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிடுவார். கேட்கீப்பர் கேட்டை மூடிவிட்டு வந்து, தன்னிடமுள்ள தாளில் அடுத்து இருக்கிற எண்ணைச் சொல்வார். ‘பிரைவேட் நம்பர்’ என்பார்கள். மாஸ்டர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் வண்டிக்கு சிக்னல். அந்த எண் ஓர் உறுதிமொழி. ‘கேட் மூடியாச்சு, நான் பொறுப்பு’ என்பதே அதன் அர்த்தம்.

முதல் இடம், திருவாரூர் – காரைக்குடி தடம். அகலப்பாதையான பிறகு, 2019 ஜூன் 1-ல் அங்கே டெமு ரயில் ஓடத் தொடங்கியது. வண்டியிலேயே டீசல் என்ஜின் மின்சாரம் உண்டாக்கி, அந்த மின்சாரத்தில் சக்கரங்களைச் சுழற்றும் ரயில் அது. ஆளில்லாத கேட்டே கூடாது என்று நாடு முழுக்க அகலப்பாதைகளில் அவற்றை ஒழித்து முடித்த வருடமும் அதுதான். ஆனால் இந்தத் தடத்தின் கேட்டுகளுக்குப் போதுமான கேட்கீப்பர்களை நியமிக்காமலே வண்டியை விட்டுவிட்டார்கள். அதனால் கேட்கீப்பர்கள் வண்டியிலேயே பயணம் செய்தார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன் பெட்டியில் இருப்பவர் இறங்கி ஓடிப்போய் கேட்டை மூடுவார். வண்டி மெதுவாகக் கடந்து, மறுபடி நிற்கும். பின் பெட்டியில் இருப்பவர் இறங்கி, கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். ஒவ்வொரு கேட்டிலும் இதே கதைதான். சுமார் 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பயணிகள் கொதித்ததில் நியாயம் இருந்தது. பட்டுக்கோட்டைக்காரரும் பேராவூரணிக்காரரும் வருடக்கணக்காகக் காத்திருந்து பெற்ற ரயில் பஸ்ஸைவிட மெதுவாகப் போனால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் தப்பு விதியில் இல்லை. ஆள் போடாமல் வண்டி விட்டதில் இருந்தது. வெயிலிலும் மழையிலும் கேட்டுக்குக் கேட் இறங்கி ஏறிய அந்த ஊழியர்கள், நிர்வாகம் வைத்த குறையைத் தங்கள் உடம்பால் ஈடுகட்டினார்கள். நேரம்தான் போனது. மூடாத கேட்டை வண்டி கடக்கக் கூடாது என்ற விதியை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாவது இடம், கடலூரை அடுத்த செம்மங்குப்பம். 2025 ஜூலை 8 காலை, விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் அங்கே பள்ளி வேன் மீது மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இன்டர்லாக் இல்லாத கேட் அது. கேட் மூடப்படாமலேயே மூடியதாகச் சொல்லி பிரைவேட் நம்பர் கொடுக்கப்பட்டது என்றது ரயில்வே விசாரணை. அதாவது பதிவேட்டில் எண் இருந்தது, சிக்னல் இருந்தது, லோகோ பைலட் தனக்குரிய விதிப்படியே வந்தார். காகிதத்தில் எல்லாம் சரி. கேட் மட்டும் திறந்திருந்தது.

டீசல் என்ஜினுக்குள் லோகோ பைலட்டைக் கண்காணிக்க ஒரு கருவி உண்டு. ஒரு நிமிடம் அவர் எதையும் இயக்காமல் இருந்தால் விளக்கு மின்னும், பிறகு ஒலி எழும். அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானாகவே பிடித்துவிடும். அவர் மயங்கினாலும் அயர்ந்தாலும் வண்டி நின்றுவிட வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. மனிதன் தவறுவான் என்பதை அங்கே ஒப்புக்கொண்ட ரயில்வே, இன்டர்லாக் இல்லாத கேட்டில் மட்டும் ஒருவரின் வாய்ச்சொல்லை நம்பி நூற்றுக்கணக்கான உயிர்களை அனுப்புவது என்ன நியாயம்? செம்மங்குப்பத்துக்குப் பிறகு கேட்டுகளில் சிசிடிவி வைக்கவும், போன் உரையாடல் பதிவுகளைச் சோதிக்கவும் உத்தரவு வந்தது. நல்லதுதான். ஆனால் கேமரா நடந்ததைக் காட்டும். நடக்கவிடாமல் தடுப்பது இன்டர்லாக்கும் சுரங்கப்பாதையும்தான்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. “வண்டி இன்னும் வரலையே, கொஞ்சம் தூக்கிவிடுங்க அண்ணே” என்று கேட்கீப்பரிடம் கெஞ்சாத ஊர் தமிழ்நாட்டில் குறைவு. அந்த வார்த்தை, அவரது உறுதிமொழியை உடைக்கச் சொல்லும் வார்த்தை.

பொத்தேரியிலும் இதே விதி வேறு வடிவில் இருக்கிறது. கல்லூரி விட்டதும் மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வரும் நிலையம் அது. தாம்பரம் – செங்கல்பட்டு இடையே இப்போது மூன்று பாதைகள். ஒரு மின்சார ரயில் கடந்து போனதும் தண்டவாளத்தில் இறங்குபவருக்கு, அதன் மறைவில் அடுத்த பாதையில் வரும் எக்ஸ்பிரஸ் தெரியாது. காதில் இயர்போன் இருந்தால் ஹாரனும் கேட்காது. தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்தால் 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பக்கத்திலேயே நடைமேம்பாலம் இருக்கிறது. படியேற ஆகும் சில நிமிடங்களும், டெமுவில் போன சில மணி நேரமும் ஒரே கணக்கில் வருபவை: உயிருக்காகக் கொடுக்கும் நேரம். ஆள் போடு, இன்டர்லாக் செய் என்று ரயில்வேயிடம் உரக்கக் கேட்போம். அப்படிக் கேட்கிற நாமும் மேம்பாலத்தில் ஏறித்தான் போக வேண்டும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: சிவப்பு சிக்னலில் ஏன் பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம்?